மகனின் ஃபோனில் மரணம்: பிடுங்குவதா, பேசுவதா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. நன்றாகப் படிப்பான், அதிகம் பேச மாட்டான். இரண்டு மாதத்துக்கு முன்பு அவனுக்கு மிகவும் பிடித்த பாடகர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அன்றிலிருந்து ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை அந்தப் பாடகரின் அஞ்சலி வீடியோக்களையே பார்க்கிறான். பள்ளி மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொள்ளும் கதையுள்ள வெப் சீரிஸ் ஒன்றையும் மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் நான் பக்கத்தில் போய் நின்றபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “செத்த பிறகுதாம்மா ஒருத்தனோட அருமை எல்லாருக்கும் தெரியுது” என்றான். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. “இந்த வயசுல எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க, பெரிசு பண்ணாதே” என்கிறார் கணவர். ஃபோனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே அவன் மனதில் போட்டதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தேர்வு நடக்கிறது, அது முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிப் பயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதான் உங்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. “சாகணும்னு தோணுதா?” என்று கேட்பதால் ஒரு பிள்ளைக்கு அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள், மறு பாதியினரிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து எல்லாரையும் விசாரித்தபோது, கேட்கப்பட்டவர்களின் மனக்கலக்கம் மற்றவர்களுடையதைவிடக் கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கோ, யாரோ கேட்டதில் பாரம் சற்று இறங்கியிருந்தது. 2005-இல் வெளிவந்த ஆய்வு இது. என் அனுபவமும் அதுதான். கேட்டதற்குக் கோபப்பட்ட பிள்ளைகள் உண்டு, சிரித்து மழுப்பியவர்கள் உண்டு. கேட்டதால் கெட்டுப்போன பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஆகவே கேட்கத்தான் வேண்டும். எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவன் சொன்ன அந்த ஒரு வரியைப் பார்ப்போம்.

“செத்த பிறகுதான் அருமை தெரியுது.” உங்கள் காதில் ‘செத்த’ என்ற சொல் மட்டும்தான் விழுந்திருக்கிறது. தாய் மனசு, வேறெப்படி விழும். ஆனால் அந்த வரியின் பாரம் பின்பாதியில் இருக்கிறது: உயிரோடு இருக்கும்போது யாருக்கும் அருமை தெரிவதில்லை. யாருடைய அருமை? பாடகரைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கலாம், தன்னையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவன் உங்களிடம் பேச ஆரம்பித்துவிட்டான் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதிகம் பேசாத பையன், நீங்கள் பக்கத்தில் வந்து நின்றதும் அதைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறானே.

அந்த வரி அவனே கண்டுபிடித்ததும் அல்ல. இரண்டு மாதமாகத் திரை அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவன் பார்க்கும் அஞ்சலி வீடியோக்களில் ஒன்றை நீங்களும் முழுதாகப் பாருங்கள். இறந்தவர் மெதுவாகத் திரும்பிச் சிரிப்பார். பின்னணியில் அவர் குரலே பாடும். கீழே, நேற்று வரை கேலி செய்தவர்கள் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். வெப் சீரிஸும் அப்படித்தான் இருக்கும். இந்த மாதிரிக் கதைகளில் இறந்த பெண் எங்கேயும் போவதில்லை. ஒவ்வொரு எபிசோடிலும் வருவாள், பேசுவாள், அவளைப் படுத்தியவர்கள் ஒவ்வொருவராக மாட்டிக்கொள்வார்கள். மொத்தக் கதையிலும் எல்லாரும் காது கொடுத்துக் கேட்பது அவள் ஒருத்தி சொல்வதைத்தான்.

பத்து வயதுக்குள்ளாகவே பெரும்பாலான குழந்தைகளுக்கு மரணம் புரிந்துவிடுகிறது. திரும்பி வர முடியாது, உடம்பு இயங்காது, எல்லாருக்கும் ஒருநாள் வரும் என்பதெல்லாம் தெரியும். பதினாறு வயதுப் பையனுக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஆனாலும் அந்த வயதில் மனசுக்குள் எந்நேரமும் ஒரு கூட்டம் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல ஒரு உணர்வு இருக்கும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் இதற்குக் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று பெயர் வைத்தார். தலைமுடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் ஊரே பார்ப்பதாக நினைப்பது அதனால்தான். இந்தக் கூட்டம் சாவைப் பற்றிய கற்பனைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடும். சாவு என்றால் என்ன என்று தெரியும், ஆனால் கற்பனையில் மட்டும் செத்தவன் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான்.

சில வருடங்களுக்கு முன்பு என்னிடம் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தன் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டிருந்தாள். யார் எவ்வளவு அழுவார்கள் என்று பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் வேறு. கணக்கு டீச்சருக்கு ஒன்று. பேசுவதை நிறுத்திவிட்ட தோழிக்கு ஐந்து. பட்டியலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. “இதையெல்லாம் நீ எங்க நின்னு பாத்துக்கிட்டிருக்கே?” என்று மட்டும் கேட்டேன். “மாடிப்படியில” என்றாள், பட்டென்று. அப்புறம் அவளே நின்றுவிட்டாள். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் அங்க இருக்க மாட்டேன்ல?” என்றாள். மீதி நேரம் முழுவதும் அந்த ஐந்து நட்சத்திரத் தோழியைப் பற்றித்தான் பேசினோம். அவளுக்குத் தேவைப்பட்டது அந்தத் தோழி ஒருமுறை போன் பண்ணுவது.

திரை சொல்லும் பொய் இதுதான் என்று நான் நினைக்கிறேன். சாவை அழகாகக் காட்டுகிறது என்று எல்லாரும் குறை சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய பொய், செத்தவர் இருந்து பார்ப்பதாகக் காட்டுவது.

பார்த்ததைப் பின்பற்றுவது உண்மையிலேயே நடக்கிறதா என்றால், நடக்கிறது. புதிய கவலையும் இல்லை. ஜெர்மன் எழுத்தாளர் கதே 1774-இல் எழுதிய நாவலின் நாயகன் வெர்தரைப் பின்பற்றி இளைஞர்கள் உயிரை விடுகிறார்கள் என்ற பயத்தில் லைப்சிக் நகரம் அந்தப் புத்தகத்தையே தடை செய்தது. டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், இருபது வருடப் பத்திரிகைகளின் முதல் பக்கத் தற்கொலைச் செய்திகளையும் மரணக் கணக்கையும் ஒப்பிட்டு, அப்படிப்பட்ட செய்தி பெரிதாக வரும்போதெல்லாம் தற்கொலைகள் கூடுவதை 1974-இல் காட்டினார். ‘வெர்தர் விளைவு’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். மேற்கு ஜெர்மனியில் 1981-இல் ஒரு மாணவனின் தற்கொலையைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதையொட்டி மரணங்கள் கூடின, அதிகம் கூடியது அந்த நாயகனின் வயதை ஒத்த பையன்களிடம். மறு வருடம் மறுஒளிபரப்பு செய்தபோதும் கூடின. 2017-இல் வந்த ஒரு வெப் சீரிஸைப் பற்றியும் ஆய்வு உண்டு (பெயர் சொல்லப் போவதில்லை, சொன்னால் தேடிப் பார்ப்பார்கள்). வெளியான அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுக்காரர்களிடையே தற்கொலை எதிர்பார்த்ததைவிட 28.9 சதவீதம் கூடியது என்று 2019-இல் ஒரு குழு எழுதியது. கதாநாயகி பெண், கூடியதோ பையன்களிடம். அந்தக் கணக்கு சரியில்லை என்று மறுத்தவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து, அவள் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சியை வெட்டினார்கள்.

இதைப் படித்துப் பதறாதீர்கள். அந்தத் தொடரைப் பல லட்சம் பிள்ளைகள் பார்த்தார்கள், அடுத்த நாள் எப்போதும் போலப் பள்ளிக்குப் போனார்கள். பார்த்தவுடன் யாரும் சாவதில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு இருப்பவன், வெளியே சொல்ல முடியாத அவமானத்தைச் சுமப்பவன், வேண்டியவரை இழந்தவன், முன்பு ஒருமுறை தன்னைக் காயப்படுத்திக்கொண்டவன் – இவர்களைத்தான் அது பிடித்துக்கொள்கிறது. அதனால் நீங்கள் தேட வேண்டிய விடை, அவன் என்ன பார்க்கிறான் என்பதில் பாதிதான் இருக்கிறது. பார்க்காத நேரத்தில் எப்படி இருக்கிறான்? தூக்கம், பசி, நண்பர்கள், முன்பு விழுந்து விழுந்து செய்த காரியங்கள்? ராத்திரி விழித்திருக்கிறான் என்பதைத் தவிர, இவற்றில் ஒரு வார்த்தைகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

பிடித்த ஒருவர் இப்படி இறக்கும்போது, அதைச் சுற்றி என்ன பேசப்படுகிறது என்பது எவ்வளவு முக்கியம் தெரியுமா? 1994 ஏப்ரலில் அமெரிக்கப் பாடகர் கர்ட் கோபேன் சியாட்டிலில் இறந்தபோது, அந்த ஊரில் இளைஞர்கள் வரிசையாகப் பின்தொடர்வார்கள் என்று எல்லாரும் பயந்தார்கள். அஞ்சலிக் கூட்டத்தில் அவர் மனைவியின் குரல் பதிவை ஒலிக்கவிட்டார்கள். கணவர் எழுதிவைத்ததைப் படிக்கிறார், நடுநடுவே நிறுத்தித் திட்டுகிறார், அழுகிறார், எதிர்வாதம் செய்கிறார். கூடவே உதவி எண்களும் பரவலாகச் சொல்லப்பட்டன. அங்கே தற்கொலைகள் கூடவில்லை. உதவி மையங்களுக்கு வந்த அழைப்புகள்தான் கூடின. 2014-இல் நடிகர் ராபின் வில்லியம்ஸ் இறந்த பிறகோ, ஐந்து மாதத்தில் அமெரிக்காவில் எதிர்பார்த்ததைவிட 1,841 தற்கொலைகள் அதிகம் நடந்தன. இந்த வித்தியாசத்துக்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கோபேன் மனைவியின் கோபத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதைக் கேட்டவர்கள், விட்டுச் சென்றவர் வீட்டில் மறுநாள் என்ன இருக்கும் என்று கேட்டார்கள். உங்கள் மகன் பார்க்கும் வீடியோக்களில் அந்த மறுநாள் இல்லை.

நம் மொழியையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செய்தித் தலைப்பில் ‘விபரீத முடிவு’ என்று போடுகிறார்கள். தமிழில் முடிவு என்றால் கடைசி, முடிவு என்றால் தீர்மானம். ‘முடிவெடுத்தார்’ என்று படித்தால் ஏதோ நிதானமாக உட்கார்ந்து, நல்லது கெட்டது அலசித் தேர்ந்தெடுத்தது போல இருக்கும். பிழைத்து என் முன்னால் உட்கார்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. சாவித் துவாரம் வழியாகப் பார்த்தது போல இருந்தது, வேறு எதுவுமே கண்ணில் படவில்லை என்பார்கள். பிழைத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அவர்களுக்கு அஞ்சலி வீடியோ கிடையாது. அவர்களைப் பற்றி உங்கள் மகனுக்கு யார் சொல்வது? இன்னொன்று, அலுத்துக் களைத்த நேரத்தில் “செத்துத் தொலைஞ்சா நிம்மதி” என்று வீட்டில் நாமே சொல்கிறோம். நமக்கு அது பெருமூச்சு மாதிரி. பிள்ளை காதில் அது தகவலாக விழலாம்.

சரி, ஃபோன். பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அவன் பார்ப்பது நிற்காது, நீங்கள் பார்ப்பதுதான் நிற்கும். அவனுடைய துக்கத்தில் பங்குகொள்ளும் நண்பர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள். அதற்காக அப்படியே விடவும் முடியாது, ஏனென்றால் ஃபோன் சும்மா இருப்பதில்லை. ஒரு சோக வீடியோவில் நாலு விநாடி கூடுதலாக நின்றால், அடுத்து நாலு சோக வீடியோக்களைக் கொண்டுவந்து போடும். இங்கிலாந்தில் 2017-இல் இறந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், இணையத்தில் அவள் பார்த்தவையும் மனச்சோர்வோடு சேர்ந்து அவள் மரணத்துக்குக் காரணமாயின என்று மரண விசாரணை அதிகாரி 2022-இல் பதிவு செய்தார். அவள் தேடாமலே பல அவளிடம் வந்து சேர்ந்திருந்தன.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல் வீட்டில் எல்லார் ஃபோனும், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் சேர்த்து, கூடத்தில் இருக்கட்டும். அவன் ஒருவனுக்கு மட்டும் என்றால் அது தண்டனை ஆகிவிடும். நள்ளிரவுக்கு மேல், தூக்கம் கெட்ட மூளைக்கு எல்லாமே இன்னும் கறுப்பாகத் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தை மீட்டாலே பெரிய காரியம். அப்புறம் ஒருநாள் அவனோடு உட்கார்ந்து, அந்த மாதிரி வீடியோ வரும்போதெல்லாம் ‘ஆர்வமில்லை’ என்பதை அழுத்தச் சொல்லுங்கள், எப்படி என்று அவனே உங்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். சில நாளில் ஃபோனின் போக்கு மாறும்.

அந்த சீரிஸின் ஒரு எபிசோடையாவது அவனோடு சேர்ந்து பாருங்கள். பிரசங்கம் வேண்டாம். “இந்த நேரத்துல இவ யார்கிட்டயாவது சொல்லியிருந்தா யார்கிட்ட சொல்லியிருக்கலாம்?”, “கேமரா போனதுக்கு அப்புறம் அந்த அம்மா என்ன பண்ணியிருப்பா?” என்று கதையைப் பற்றிக் கேட்பது போலக் கேளுங்கள். பாடகரைப் பற்றியும் கேளுங்கள், அவர் பாட்டில் எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று. அது அவனுக்கு நிஜமான இழப்பு. ‘யாரோ ஒரு பாடகனுக்கு இவ்வளவா’ என்று தவறியும் சொல்லிவிடாதீர்கள். பாட்டுக்கு நல்லது செய்யும் சக்தியும் உண்டு. அமெரிக்க ராப் பாடகர் ஒருவர் 2017-இல், சாக நினைத்தவன் உதவி எண்ணை அழைத்துப் பிழைக்கும் கதையைப் பாட்டாக்கி, அந்த எண்ணையே தலைப்பாக வைத்தார். அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாள்களில் அந்த எண்ணுக்கு 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்தன, தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட 245 குறைந்தன.

இப்போது, கேட்பது. எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டால் விசாரணை ஆகிவிடும். பக்கத்தில் நடக்கும்போதோ, விளக்கை அணைத்த பிறகு அவன் கட்டிலோரம் உட்கார்ந்தோ கேளுங்கள். அவன் சொன்ன வரியிலிருந்தே தொடங்கலாம்: “அன்னைக்கு ஒண்ணு சொன்னியே, எனக்கு அது மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. உன் அருமை எங்களுக்குத் தெரியலன்னு தோணுதா?” பதிலுக்குக் காத்திருங்கள். மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். பிறகு சுற்றி வளைக்காமல், “சாகணும்னு எப்பவாவது நினைச்சிருக்கியா?” என்று கேளுங்கள். “அப்படியெல்லாம் நினைக்க மாட்டேதானே?” என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே அவன் வாயில் ஊட்டுகிறீர்கள்.

இல்லை என்றால் நம்புங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பேச்சுக் கொடுங்கள். ஆமாம் என்றால் அழலாம், தப்பில்லை. ஆனால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், “எங்களை நினைச்சுப் பாத்தியா?” என்று கேட்காதீர்கள். எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். வைத்திருந்தால் அன்று அவனைத் தனியாக விடக் கூடாது. மாத்திரைகள் உட்பட வீட்டில் ஆபத்தானவை எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். அன்றே மனநல மருத்துவரிடமோ, மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். திட்டம் எதுவும் இல்லை, எண்ணம் மட்டும் வந்து போகிறது என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைத் தேடி உங்கள் ஃபோனிலும் அவன் ஃபோனிலும் பதிந்து வையுங்கள். அந்த எண்ணை நீங்களும் அழைக்கலாம், பயந்துபோன பெற்றோரிடமும் பேசுவார்கள்.

திடீரென்று தனக்குப் பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தால், விடைபெறுவது போல யாருக்காவது எழுதினால், நெடுநாள் வாட்டத்துக்குப் பிறகு காரணமில்லாமல் ஒரேயடியாக அமைதியாகிவிட்டால் எதற்கும் காத்திருக்காதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதும் பாதி சரிதான். இந்த வயதில் நிறையப் பேர் சாவைப் பற்றிப் பேசுவார்கள், யோசிப்பார்கள், கவிதைகூட எழுதுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது கடந்துபோகும். உங்கள் பிள்ளை அந்தப் பெரும்பாலானவர்களில் ஒருவனா என்பது கேட்டால்தான் தெரியும். இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள். உங்கள் இருவரில் யாரிடம் அவன் சண்டையில்லாமல் பேசுவானோ, அவர் கேட்கட்டும்.

தேர்வு முடியட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். இன்று ராத்திரி படித்து முடித்துப் புத்தகத்தை மூடுவான் இல்லையா, அப்போது போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.